அழிந்ததா, அழித்தார்களா?

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலையை நோக்குவோர் அதன் பசுமை கண்டு மகிழ்வர். பசுமையெல்லாம் காடாகிவிடாது. தேயிலையும் பசுமையே, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நட்ட பைன் மரமும் பசுமையே. பைனின் காய்ந்த ஊசியிலைகளில் கோடைத் தீ எத்துணை விரைவாகப் பரவும் என்பதை மலையடிவாரத்து மக்கள் அறிவர்.

இன்று தேயிலைக் கம்பனிகளே காடு பேணும் பணியில் இறங்கியுள்ளன. டில்மா நிறுவனம் 2007இல் இதற்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது. இரத்தினபுரிப் பகுதியின் எந்தானைத் தோட்டத்தில் துண்டுபட்ட காடுகளை மரங்களால் இணைக்கும் முயற்சி அப்பிரிவின் பணிகளுள் ஒன்று. விழா நாளில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மறந்துவிடுவதினும், ஆண்டுக்கணக்கில் தொடரும் பணி மேலானது. அதனைப் பாராட்ட நாம் தயங்கவில்லை.

ஆயினும், இயற்கைப் பாதுகாப்புப் பற்றிக் கம்பனிகள் பொதுவாக வெளியிடும் ஏடுகளைத் தமிழ் கற்பிப்போர் கண்கொண்டு படிக்கையில் ஒரு குறை புலப்படுகிறது. அவற்றில் காடு அழிந்தது, மண் கரைந்தது, ஊற்று வற்றியது. எல்லாம் தாமே நிகழ்ந்தன! கன்று நடும் இடத்தில் மட்டுமே வினைமுதல் வெளிப்படுகிறான். அழிந்தது, அழித்தது என்பவற்றின் வேறுபாட்டை நம் எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவானே!

மறைந்து நிற்கும் அந்த வினைமுதல் யார்? வரலாறு விடை கூறும். 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. கண்டிக் குடியானவன் கையில் உறுதி ஏது? நிலம் கோப்பித் துரைமாருக்கு விலையாயிற்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை மாய்த்தபின் தேயிலை மலையெங்கும் பரந்தது. கோடரி பிடித்த கை கூலியாளுடையது. கட்டளையும் இலாபமும் பிறருடையவை.

இன்றைய கம்பனி அன்றைய துரையன்று என்பர். உண்மையே. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயன் மாறிற்றா? அன்று உறுதி இல்லையென்று குடியானவன் நிலம் இழந்தான். இன்றும் லயன்களில் வாழ்வோருள் மிகப் பலருக்குத் தாம் குடியிருக்கும் மண்ணுக்கு உறுதி இல்லை.

காட்டு மரம் முப்பது ஆண்டு காத்து வளர்க்கப்பட வேண்டியது. நாளை தனக்கு இங்கே இடமுண்டோ என்று அறியாதவனிடம் கன்றைக் கொடுத்து, "இயற்கையைப் பேணு" என்று கூறுவது எவ்வளவு பொருந்தும்? அவன் நடுவான்; கூலி பெறுவான்; அம்மரம் அவனுடையதாகுமா?

கம்பனிகளின் நெடுங்கால உதவியை அளக்க நாம் கேட்பது இதுவே: எத்தனை கன்றுகள் நட்டீர்கள் என்பதன்று, அவற்றை நட்டவருக்கு எத்தனை பேர்ச் நிலம் உரிமையாயிற்று? எந்த மரம், எந்தச் சரிவில் என்று முடிவு செய்யும் அவையில் அவருள் எத்தனை பேர் அமர்ந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தரும் ஏடு வெளிவரும் நாளில் நாமே அதனை வகுப்பறைக்கு எடுத்துச் செல்வோம். வேர் ஊன்ற மரத்துக்கு மண் வேண்டும், மனிதனுக்கும் வேண்டும்.