கொரில்லா எறியும் வாழைப்பழம்

மாடிக் கட்டடங்களின் உச்சியில் இரண்டு கொரில்லாக்கள் நிற்கின்றன. வெடிக்கும் வாழைப்பழத்தை எறிந்து ஒன்று மற்றதை வீழ்த்த வேண்டும். 1991-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் எம்.எஸ்.டாஸ் 5.0 உடன், கியூபேசிக் மொழிக்கு மாதிரியாக வழங்கிய 'கொரில்லாஸ்' என்னும் கணிப்பொறி விளையாட்டு இது. எறிகோணத்தையும் திசைவேகத்தையும் நாமே எண்களாகக் கொடுக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

கந்தர்வக்கோட்டையில் என் மாணவர் சிலரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தேன். எதிரி 400 புள்ளி தொலைவில், 50 புள்ளி தாழ்வில் இருக்கிறான் என்று வையுங்கள். (நிரலுக்கு ஒரு திரைப்புள்ளி ஒரு மீட்டர்.) கோணம் 45 பாகை. காற்று இல்லை. மாணவர்கள் கிடைத்தள நெடுக்கத்தின் சூத்திரத்தை ஒப்பித்தார்கள், 400-ஐ 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 62.6 என்று தட்டினார்கள். பழம் எதிரியின் தலைக்கு மேலே பறந்துபோயிற்று! எறிந்த மட்டத்திலேயே விழும் பொருளுக்குத்தான் அச்சூத்திரம் என்பதை எல்லோரும் மறந்திருந்தனர்.

சூத்திரத்தை விட்டுவிடுங்கள். புவியீர்ப்பு இல்லையென்றால், 45 பாகையில் எறிந்த பழம் 400 மீட்டர் செல்லும்போது 400 மீட்டர் உயர்ந்திருக்கும். அது 50 மீட்டர் தாழ்வில் இருக்க வேண்டுமானால், அதற்குள் 450 மீட்டர் விழுந்திருக்க வேண்டும். அவ்வளவு விழ 9.58 விநாடி ஆகும். அந்நேரத்தில் கிடையாக 400 மீட்டர் கடக்க விநாடிக்கு 41.7 மீட்டர் தேவை. இதை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 59. குறி தவறாது.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கேட்கும் வரியில் அலகு 'மீட்டர்/விநாடி' என்றிருக்கிறது. தேர்வில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். காற்றைக் கையாளும் முறை இன்னும் மோசம். காற்றின் எண்ணை 5-ஆல் வகுத்து, மாறாத கிடை முடுக்கமாகச் சேர்க்கிறார்கள். பழம் நெடுநேரம் பறந்தால் காற்றையே முந்திவிடும். உண்மையில், காற்றின் வேகத்தைப் பொருள் எட்டியதும் அந்தத் தள்ளுதல் நின்றுபோகும். காற்று வீசாதபோது எதிர்ப்பு விசையும் அறவே இல்லை.

ஆனாலும், 2009-இல் பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் வெளியிட்ட 'ஆங்க்ரி பேர்ட்ஸ்' விளையாட்டைவிட இதையே மாணவர்களுக்குச் சொல்வேன். அதில் கவணை விரலால் இழுக்கிறோம். எண் எதுவும் கண்ணில் படுவதில்லை. கொரில்லாஸின் நிரலையோ திறந்து வரி வரியாகப் படிக்கலாம், மாற்றலாம். அந்த அலகை என் மாணவி ஒருத்தி திருத்திவிட்டாள். காற்றையும் திருத்தப் புறப்பட்டவள், பழத்தின் எடை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.