வளையத்துக்கு ஒரு விரல் கீழே

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், பிரேமார் ஊருக்குப் பக்கத்தில், நான் தங்கியிருந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு செம்மானின் தலையோடு கொம்புகளோடு மாட்டியிருந்தது. எல்லாரையும் போல நானும் அண்ணாந்து கிளைகளை எண்ண ஆரம்பித்தேன். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. அப்படிப்பட்ட கொம்பை அங்கே ‘ராயல்’ என்பார்கள். வாழ்நாளெல்லாம் அந்த மலைச்சரிவுகளில் மான்களின் பின்னால் நடந்த பெரியவர் அந்த வீட்டுக்காரர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை ஏறச் சொன்னார். “நுனியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அடியைப் பாருங்கள்” என்றார்.

அடியைப் பார்த்தேன். மண்டையெலும்பிலிருந்து கொம்பு கிளம்பும் இடத்தில் ஒரு வளையம். பூவின் புல்லிவட்டம் போல வெளிப்பக்கம் விரிந்து, சின்னச் சின்ன மணிகள் கோத்தாற்போல் சுற்றி நின்றது. வளையத்துக்குக் கீழே எலும்பு சுண்ணாம்பு பூசிய திண்ணை மாதிரி வெள்ளை. மேலே கருப்பட்டி நிறம். இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒரு மயிரிழைகூட ஒன்றின் நிறம் மற்றொன்றில் கலக்கவில்லை. இது மனிதக் கை செய்த வேலை என்று உடனே தோன்றவே இல்லை. அவ்வளவு சுத்தம்.

அந்தக் கருப்பட்டி நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வளையத்தின் அருமை இன்னும் கூடும். நாம் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே சொல்லால் கொம்பு என்கிறோம். மாட்டுக் கொம்பு உள்ளெலும்பின் மேல் நகம் போன்ற உறை போர்த்தி ஆயுள் முழுக்க வளர்வது. மான் கொம்போ முழுக்க எலும்பு. செம்மானுக்கு வசந்தத்தில் உதிர்ந்து, ஏறக்குறைய நான்கே மாதத்தில் மறுபடி முளைத்து முற்றிவிடுகிறது. வளரும்போது அதன் மேல் பட்டு போன்ற மெல்லிய ரோமத்தோல். அந்தத் தோலுக்குள் ஓடிய இரத்தக் குழாய்கள் எலும்பில் பதித்துவிட்டுப் போன தடங்களைத்தான் இப்போது நாம் நீளவாக்கில் பள்ளங்களாகப் பார்க்கிறோம். விரலை வைத்து ஓட்டினேன். ஓடை வற்றிய மணல்வரியைத் தடவுவது போலிருந்தது. நடுநடுவே பாகற்காய்த் தோல் மாதிரி முண்டு முண்டாக மணிகள். கோடை முடிவில் தோல் உரிந்ததும் உள்ளிருந்து வெளிவருவது வெளிறிய எலும்புதான். பிறகு கலைமான் அதைப் புதரிலும் மரப்பட்டையிலும் கரிய சதுப்பு மண்ணிலும் ஓயாமல் உரசுகிறது. உரிந்த தோலின் இரத்தமும் பட்டைச் சாறும் சேற்றுக் கறையும் ஊறி நிறம் ஏறுகிறது. நுனிகள் மட்டும் உரசி உரசி மெருகேறி, தந்தம் போல் வெளுத்து மினுங்குகின்றன. சாயமேற்றுவதும் மெருகு போடுவதும் மானே முடித்துவிட்ட வேலை. சுத்தம் செய்கிறவர் கொம்பின் மேல் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அங்கே கை வைக்காமல் இருப்பதில்தான் அவருடைய தேர்ச்சி முழுவதும் இருக்கிறது.

மறுநாள் கொல்லைப்புறத்தில் அதைக் கண்ணாரப் பார்த்தேன். அந்த மலைகளில் ஓநாய்கள் அற்றுப்போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்துவிடாமல் இருக்க ஆண்டுதோறும் ஒரு பங்கை மனிதர்களே சுட்டுக் குறைக்கிறார்கள். இறைச்சி சமையலுக்குப் போகும், தலை பெரியவரிடம் வரும். தோலும் தசையும் நீக்கிய தலையைப் பெரிய பாத்திரத்தில் இறக்கினார். தண்ணீர் மட்டம் வளையத்துக்குச் சரியாக ஒரு விரல் கீழே. வளையத்தைச் சுற்றித் துணி. அடியில் சிறு தீ. தண்ணீர் தளதளவென்று கொதிக்கவே கூடாது என்றார். பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் நடுங்குமே, அந்த நடுக்கம் போதும். மிஞ்சினால் எலும்பு மூட்டுகள் விட்டுப்போகும். மூக்குக்குள் சுருள் சுருளாக, வெங்காயச் சருகைவிடக் கொஞ்சமே தடித்த எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவை நொறுங்கிப் போகும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்தபடி, ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஊற்றி நிரப்பியபடி, அந்த ஒரு விரல் அளவை அவர் தவற விடவே இல்லை.

மிச்சம் ஒட்டியிருந்த தசை வெந்து, மழுங்கிய கத்திக்கே வழிந்து வந்துவிட்டது. மூளையை முதுகெலும்பு சேரும் துளை வழியே கம்பியாலும் நீராலும் கழுவி எடுத்தார். அதன் பிறகு வருவதுதான் பலரும் பொறுமையிழந்து தாண்டிப் போகும் கட்டம். பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பல நாள் ஊற விட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, எலும்புக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பை வெளியே இழுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர் வீட்டுச் சுவரில் சில ஆண்டுகளிலேயே மஞ்சள் பூத்துவிடும்.

வெளுக்க வைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. துணி வெளுக்கும் குளோரின் தூளைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது, அது எலும்பையே அரித்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சை நனைத்து எலும்பின் மேல் ஒட்டினார். வளையத்தின் அடியோரத்தில் மட்டும் பஞ்சை ஒதுக்கிவிட்டு மெல்லிய தூரிகையை எடுத்தார். கண்ணுக்கு மை எழுதுகிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் கீழே நின்று நின்று போனது தூரிகை. ஒரு துளி மேலே ஏறினால் கொம்பில் வெள்ளைத் திட்டு விழும். பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கரைத்துப் பூசி அதை மறைக்கலாம், மறைக்கிறவர்களும் உண்டு. ஆனால் மான் ஏற்றிய நிறத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்பு ஒட்டாமல்தான் நிற்கிறது.

வெளுத்துக் காய்ந்தபின் தெரிந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. நெற்றியெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், நதியை வரைபடத்தில் போட்டாற்போல நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு தையல். எந்த நெளிவும் இன்னொன்றைப் போலில்லை, எங்கும் இடைவெளியும் இல்லை. சிறு தீயில் பொறுத்திருந்ததால்தான் அந்தத் தையல் பிரியாமல் இருக்கிறது.

அலங்காரமில்லாத ஓக் பலகை. பின்புறம் பென்சிலில் நாளும் பள்ளத்தாக்கின் பெயரும். வெயிலும் ஈரமும் படாத சுவர். ஆண்டுக்கொரு முறை மென்மையான தூரிகையால் தூசு தட்டல். அவ்வளவுதான் பராமரிப்பு. பக்கத்திலேயே மார் லாட்ஜ் மாளிகையின் நடனக் கூடத்தில் 2,435 செம்மான் தலையோடுகள் சுவரையும் கூரையையும் நிறைத்திருக்கின்றன. அது பிரமிப்பு. எனக்கென்னவோ ஒற்றைச் சுவரில் ஒற்றைத் தலையாக இருப்பதுதான் அழகு, நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு இடமில்லை, இல்லாததே நல்லது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பும் அரசுக்கே சொந்தம். எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் நமக்கு உயிரோடு பார்க்கக் கிடைக்கிறது. நம் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. கிண்டிப் பக்கம் எந்த மாதம் போனாலும் பட்டுத்தோல் போர்த்த கொம்போடு ஒன்றும், முற்றி மெருகேறிய கொம்போடு இன்னொன்றும் கண்ணில் படக்கூடும். அடுத்த முறை போகும்போது ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளைகள் பக்கத்துக்கு மூன்றுதான், எண்ணி முடித்துவிடலாம். பிறகு பார்வையைக் கீழே இறக்கி, காதுக்குச் சற்று மேலே, அந்த வளையத்தைப் பாருங்கள்.