அரங்கன் பேர் கொண்டவர்கள்

செக் நாட்டில் நோவாக் என்ற குடும்பப் பெயர் கொண்ட பிரமுகர்களைத் தொகுத்தால் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு தகப்பன் வழி தெரியும். ஸ்ரீரங்கம், திருச்சி வட்டாரத்தில் ரங்கராஜன்களைத் தொகுத்தால் அப்படி எதுவும் தெரியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பள்ளிகொண்ட பெருமாளான அரங்கனின் பெயர் அது. எந்த வீட்டுக்கும் தனிச் சொத்தில்லை. அதனாலேயே ஒரு ரங்கராஜனை இன்னொரு ரங்கராஜனிடமிருந்து பிரித்துக்காட்ட அந்தப் பெயரால் முடிவதில்லை. அந்த வேலை இனிஷியலுக்கும் புனைபெயருக்கும் போய்விடுகிறது.

இதற்கு வலுவான சான்று தமிழ்ப் பத்திரிகை உலகில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எஸ். ரங்கராஜன் குமுதத்துக்கு எழுதத் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே கும்பகோணத்து ரா. கி. ரங்கராஜன் ஆசிரியர் குழுவில் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைத்த பொறியாளராக மட்டும் அவர் கடைசிவரை ரங்கராஜனாகவே இருந்தார். பெயரை விட்டுக்கொடுக்காத ரா. கி. ரங்கராஜனும் சூர்யா, ஹம்ஸா, மாலதி, அவிட்டம் என்று பல பெயர்களில் எழுதிக் குவித்தவர்தான். ஆனால் அவருக்கு அது நெருக்கடியால் வந்ததில்லை; ஒரே இதழில் பலவிதமாக எழுத வேண்டியிருந்த தேவை.

புனைபெயர் அக்கால எழுத்தாளர்களின் பொதுவழக்கம், பெயர் நெரிசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் மறுக்கலாம். வாலியைப் பொறுத்தவரை அந்த மறுப்பு சரியே. திருப்பராய்த்துறையில் 1931இல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி. எஸ். ரங்கராஜனுக்கு ஓவியர் மாலியைப் போல வரவேண்டும் என்ற ஆசை. அதனால் பள்ளித் தோழர் வைத்த பெயர் வாலி. ஆனால் சுஜாதாவின் பெயர் மாற்றத்தை நாகரிகத்தின் கணக்கில் எழுத முடியாது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது குடும்பப் பெயர்தானே என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. உண்மைதான், பெயர் இறங்கி வருகிறது. ஆனால் நடுவில் தகப்பனைத் தாண்டி வருகிறது. அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒரே பெயரில் பேரன்கள் இருப்பார்கள். நெரிசல் இதனால் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இது வைணவ அந்தணர் பெயர் மட்டுமே என்பதும் நிற்காது. புதுச்சேரி முதல்வர் என். ரங்கசாமியும் அதே அரங்கன் பேரைத் தாங்கியவர். 1998இலும் 1999இலும் திருச்சி மக்களவைத் தொகுதியில் வென்று மத்திய மின்துறை அமைச்சரான ரங்கராஜன் குமாரமங்கலம் கொங்கு நாட்டு ஜமீன் குடும்பத்தவர். அவர் ஒருவருக்குத்தான் இனிஷியல் தேவைப்படவில்லை; ஜமீன் ஊரின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்த பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜனுக்கு அந்த வசதி இல்லை. 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த அவர், 1996இல் வந்த காந்தி படம் போட்ட புதிய வரிசை நோட்டுகளிலும் ஒற்றை இனிஷியலோடுதான் கையெழுத்திட்டார்.

இந்தச் சிக்கலுக்கு முறையான தீர்வு சொன்னவரும் அரங்கன் பெயர் கொண்டவரே. சீர்காழிக்காரரான நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதிகளில், இயற்பெயரை முன்னே நிறுத்தி இனிஷியலை அடைப்புக்குறிக்குள் பின்னே வைத்தார். நூலகப் பட்டியல் அட்டையைத் தேடுகிறவர் பெயரைப் பார்த்து வந்து, அடைப்புக்குறியில் ஆளை முடிவு செய்கிறார். திருச்சிப் பிரமுகர்களைத் தொகுக்கிறவர்கள் இந்த ஒழுங்கைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும், புனைபெயரையும் பக்கத்திலேயே போட வேண்டும். ஒரே ஊரில் வளர்ந்த வாலிக்கும் சுஜாதாவுக்கும் இடையே, இயற்பெயரில் 'டி' என்ற ஓர் எழுத்துதான் வித்தியாசம்.