மீன் படும் பாடு

மேலூர் வட்டாரத்தில் கோடையிலே கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் வலையும் ஏந்தி ஊரே சேற்றில் இறங்கும். கெளுத்தியும் விராலும் கெண்டையும் அள்ளிச் செல்லும் அம்மக்கள், 'மீன்' என்ற சொல்லை எவரிடம் கடன் வாங்கினோம் என்று கேட்பதில்லை. கேட்டவர்கள் பண்டிதர்கள். மதுரைக் கோயிலில் மீனாட்சி இருக்க, வடமொழியின் 'மீன'த்திலிருந்தே தமிழனுக்கு மீன் கிடைத்தது என்று விடையும் அவர்களே தந்தனர்.

ஆராய்ந்தால் என்ன தெரிகிறது? ரிக் வேதத்தில் மீனைக் குறிப்பது 'மத்ஸ்ய' என்ற சொல். அதற்குப் பாரசீகத்தில் 'மாஹி' என்ற உறவு உண்டு. இந்தியின் 'மச்லி' அதன் வழிவந்தது. 'மீன'த்துக்கோ அக்குடும்பத்தில் இப்படி ஒரு சுற்றமில்லை. சுற்றமெல்லாம் இப்புறம்: மலையாளத்தில் மீன், கன்னடத்திலும் துளுவிலும் தெலுங்கிலும் மீனு, நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு மக்கள் நாவிலும் மீன். கடன் வாங்கியது வடமொழியே என்பது இன்று மொழியியலார் பலரும் ஏற்ற முடிவு. ஆக, மீனாட்சி என்ற பெயரிலே முன்பாதி திராவிடம். கண்ணைக் குறிக்கும் 'அக்ஷி' என்ற பின்பாதிதான் வடமொழி!

இதுவரை கைதட்டிய தோழர்களுக்கு இனிச் சற்றுக் கசக்கும்.

ஆங்கிலத்தில் ஒரு சிறு மீனுக்கு 'மின்னோ' என்று பெயர். "பார்த்தீர்களா, வெள்ளையன் நாவிலும் தமிழ்!" என்ற முழக்கத்தை நாம் கேட்டிருக்கிறோம். ஒலி ஒத்தால் போதுமா? அச்சொல்லுக்கு உறவாகக் காட்டப்படும் பழைய ஜெர்மன் சொல் 'முனிவா'. பழமையை நோக்கிப் போகப் போக அது மீனைவிட்டு விலகுகிறதே ஒழிய நெருங்கவில்லை. (நம்மூர் முனிவருக்கு அதில் உறவு கற்பிக்க எவரும் புறப்படாதிருக்க வேண்டும்!) நகைகளில் வண்ணம் பதிக்கும் 'மீனாகாரி'க்கும் மீனுக்கும் ஒட்டில்லை, வண்ணக் கண்ணாடியைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. ஒலி ஒன்று, ஊர் வேறு, வேர் வேறு.

புராணிகரிடம் சான்று எங்கே என்று கேட்கும் வாய், நமக்கு இனிக்கும் கதை வந்தால் மட்டும் மூடிக்கொள்வதா? பண்டிதர் செய்த பிழையைத் தமிழில் பெயர்த்துச் செய்தால் அது பகுத்தறிவு ஆகிவிடுமா?

கடினமான இடம் சிந்துவெளி. அங்கே முத்திரைகளில் மீன் வடிவக் குறி திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் மீன் நீரிலும் உண்டு, வானிலும் உண்டு; வடமீன், அறுமீன் என்று சங்கப் புலவர் விண்மீன்களை அழைத்தனர். இதைக் கொண்டு அக்குறியை 'மீன்' என்றே படித்தார் ஹீராஸ் பாதிரியார். அவர் நூல் 1953இல் வெளிவந்தது. பின்லாந்து அறிஞர் ஆஸ்கோ பர்ப்போலா அவ்வழியை மேலும் வளர்த்து, ஆறு கோடுகளோடு வரும் மீனை அறுமீன் என்று கொண்டார். அழகான கருத்து, அறிவார்ந்த கருத்து, நம் நெஞ்சும் அதையே விரும்புகிறது. ஆனால் இருமொழியில் பொறித்த ஒரு முத்திரையேனும் இன்னும் அகப்படவில்லை. "சிந்து எழுத்து தமிழென்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது" என்று சுவரில் எழுதும் தோழர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 2025 சனவரியில் அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது தமிழ்நாடு அரசு. விடை கண்டாகிவிட்ட கணக்குக்கு எவரேனும் பரிசு அறிவிப்பாரா?