கப்பல் ஏறியவரும் பெயர் உதிர்த்தவரும்: காரைக்காலில் குடும்ப வரலாறு தேடுதல்

சில ஆண்டுகளுக்கு முன்பு குவாதலூப் தீவிலிருந்து வந்த ஒரு அம்மாவைக் காரைக்கால் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அவர் கையில் ஒரு பதிவேட்டின் நகல் இருந்தது. மூதாதை ஒருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கப்பலேறிய இடம்: காரைக்கால். 'இதுதானே என் ஊர்?' என்று பிரெஞ்சில் கேட்டார். நண்பர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள், வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார்: "ஆமா தாயி, இதான் ஒங்க ஊரு. இவ்ளோ நாளா வழி தெரியலையாக்கும்?"

அந்த அம்மா அழுதுவிட்டார். பெரியவரின் பிரியத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்காது.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் இங்கிருந்து மார்த்தினிக்குக்கும், 1854 இறுதியில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் கூலிகளைக் கொண்டு இறக்கியது. 1861 ஆங்கில-பிரெஞ்சு ஒப்பந்தம் பிரிட்டிஷ் இந்தியக் குடிகளைச் சட்டப்படியே பிரெஞ்சுக் காலனிகளுக்குப் பிடித்து அனுப்ப வழிசெய்தது. 1880கள் முடிவதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். மார்த்தினிக்குக்கு சுமார் இருபத்தைந்தாயிரம். ரெயூனியன் கணக்கு இதைவிடப் பெரிது. ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் கொண்ட காரைக்கால் இத்தனை பேரைத் தந்திருக்க முடியுமா? எல்லை தாண்டித் தஞ்சாவூர், திருச்சிப் பக்கமெல்லாம் ஆள்பிடித்து வந்தார்கள் மேஸ்திரிகள். ஆக, அந்தத் தாளில் உள்ள 'காரைக்கால்' ஊர்ப்பெயர் அன்று. துறைமுகத்தின் பெயர்.

வரலாற்றுப் பின்புலத்தைக் கொண்டு குடும்ப வரலாறு தேடுவது என்பதன் முதல் பாடம் இதுதான். ஆவணத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு முன், அதை யார், யாருக்காக, எந்தச் சட்டத்தின் கீழ் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். கூலியின் வரலாற்றை எழுதும் நோக்கம் பதிவேட்டுக்கு இல்லை. சரக்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதே அதன் கவலை. முத்துசாமி அதில் மூத்துசாமியானதும், அதுவே குடும்பப் பெயராகி இன்றுவரை நிலைத்ததும் அந்தக் கவலையின் பக்கவிளைவுகள்.

ஆனால் பின்புலத்துக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அது ஆளையே விழுங்கிவிடும். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' (1976) லட்சக்கணக்கான கறுப்பின மக்களுக்குத் தம் வேரைத் தேடும் துணிவைத் தந்தது. பின்னால் வந்த வம்சாவளி ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பரிசோதித்தபோது, அவர் காட்டிய சங்கிலியின் கண்ணிகள் பல பொருந்தவில்லை. அடிமைமுறை பற்றிய பொது உண்மை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் சான்றாக அங்கே வேலை செய்துவிட்டது. நம்மிடமும் இது நடக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். அந்த ஆண்டுகளில் ஒருவர் கப்பலேறினார். ஆகவே பசியால் போனார் என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

என் அப்பாயி சொன்ன கதை வேறு. அவருடைய தாத்தாவின் தம்பி ஒருவர் புர்போனுக்குப் போனாராம். "பசியா? பசி எப்பவும்தான் இருந்துச்சு. பண்ணையில கட்டி வச்சு அடிச்சானுவ. ராவோட ராவா போயிட்டாரு. ஆரும் ஏமாத்தி இட்டுக்கிட்டுப் போவல." பஞ்சம், ஏமாற்று என்ற இரண்டு கதைகளுக்குள்ளும் அடங்காத மூன்றாவது ஒன்று இதில் இருக்கிறது: ஓடிப்போதல் என்ற எதிர்ப்பு. அப்பாயியின் சொல்லும் சான்று ஆகிவிடாதுதான். ஆனால் பதிவேட்டிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அதுதான் எனக்குச் சொல்லித்தந்தது.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் தம் முன்னோரைத் தேடிப் போகும்போது 1870 என்ற சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் எஜமானனின் பெயர் இருக்கும். அடிமைக்குப் பெரும்பாலும் வயதும் பாலும் நிறமும்தான். விடுதலைக்குப் பிந்திய 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரோடு வருகிறார்கள். நமக்கும் ஒரு சுவர் உண்டு: 1881. அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் ஒருவர் தன் சாதி, சமயம் சார்ந்த சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரை ஏற்க வேண்டும். கிறிஸ்தவர்களும் தலித்துகளும் கணிசமாகத் துறந்தார்கள். பலர் சைகோனுக்கு உத்தியோகம் போனார்கள்.

அங்கே பறிக்கப்பட்ட பெயர் திரும்பி வருகிறது. இங்கே பழைய பெயரைத் தானே உதறுகிறார்கள். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேரன் ஒருவன் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்தின் பதிவுகளைக் கணினியில் திறந்து, 1881க்கு முன்னால் 'நாங்க யாரு' என்று தோண்டும்போது, பாட்டன் வேண்டாமென்று வீசியதையே பொறுக்கி எடுக்கிறான். நிலமும் கோயில் மரியாதையும் உள்ளவர்களுக்குக் கொடிவழி என்பது சொத்துப் பத்திரம். துறந்தவரின் வாரிசு அதே கொடிவழியை எதற்காகத் தேட வேண்டும்? தேடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. துறந்த அந்தச் செயலையே குடும்பத்தின் தொடக்கமாக எழுதலாமே என்கிறேன்.

காகிதம் வெறும் ஞாபகமும் அன்று. குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் 1904 முதல் வழக்காடி 1923இல்தான் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமையை உறுதிசெய்ய முடிந்தது. 1962 ஆகஸ்ட் 16க்குப் பின் இங்கே ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர் வீடு பிரெஞ்சு வீடானது. கொடுக்காத பக்கத்து வீடு இந்திய வீடானது.

காகிதமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். காரைக்கால் அம்மையார் கதையில் பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். எந்தப் பதிவேட்டிலும் இது ஏறியிருக்காது. போனவனுக்கு எண் உண்டு. கரையில் நின்றவளுக்கு வரி கூட இல்லை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மன், மதுரைவீரன் வழிபாட்டோடு நாகூர் மீரானுக்கும் இடமுண்டு. இந்தக் கரையை விட்டுப் போன நினைவு என்று அதை வாசிக்கலாம். குடும்பம் எதுவென்று அது சொல்லாது. கடல் எதுவென்று சொல்லும்.

அந்த அம்மாவிடம் கிளம்பும்போது சொல்லிவிட்டேன்: 'உங்கள் ஊர் இதுவாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் முன்னவர் இந்த மண்ணில் கடைசியாக நின்ற இடம் இது என்று பதிவேடு சொல்கிறது. அவ்வளவுதான் நிச்சயம்.' கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு நகலை எடுத்து, 'காரைக்கால்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுக்கொண்டார்.