சொல்பவர் மாறும்போது

நாவலில் கதையை யாரோ ஒருவர் சொல்கிறார். அவர் ஒரு பாத்திரமாக இருக்கலாம், ஆசிரியராகவே இருக்கலாம். அவர் சொல்ல விரும்பியது மட்டுமே வாசகருக்கு வந்து சேரும். திரையில் அந்த ஆள் பெரும்பாலும் இல்லை. தமிழ் நாவல்கள் படமானபோது நேர்ந்த பெரிய மாற்றங்கள் பலவும் இங்கிருந்து கிளைத்தவை. எதை வெட்டினார்கள் என்ற வழக்கமான புகார் இதற்கு அடுத்தபடிதான்.

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்கா தன் வாயால் சொல்லும் கதை. நடந்ததைவிட, அதைப் பற்றி அவள் தனக்குள் ஓயாமல் நடத்தும் வாதமே நாவல். 1977இல் ஏ. பீம்சிங் இயக்கிய படத்துக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். ஆனாலும் அந்த வாதத்தின் பெரும்பகுதியை, கங்காவாக நடித்த லட்சுமியின் முகம்தான் சுமக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இயக்குநர் மகேந்திரன் நேர் எதிர்த்திசையில் போனார். ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டது. தழுவல் என்று அதைச் சொல்வதே தாராளம்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) கொலையில் தொடங்குகிறது. நிலக்காரர் வடக்கூரானின் கையைத்தான் வெட்ட நினைத்தான் 15 வயதுச் சிதம்பரம், உயிரே போய்விட்டது. அதன்பின் அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்களே கதை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைப் பொங்குவது, எங்கே படுப்பது என்றே பக்கங்கள் நகரும். அய்யாவின் பழைய காலம் பேச்சுவாக்கில் வந்துபோகும். சாதி வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) கதையின் பாரத்தை மகனிடமிருந்து தகப்பனுக்கு மாற்றியது. அய்யா சிவசாமி ஆனார். அவருடைய இளமைக்கென்று நீண்ட பின்கதை சேர்ந்தது. அதில், செருப்புப் போட்டு நடந்த குற்றத்துக்காக மாரியம்மாள் என்ற பெண் அந்தச் செருப்பைத் தலையில் சுமக்கவைக்கப்படுகிறாள். பஞ்சமி நிலம், எரியும் குடிசைகள் எல்லாம் படம் கொண்டுவந்தவை. நாவல் பூடகமாக விட்ட வரலாறு இதனால் வாய்திறந்து பேசியது. ஆனால் இடைவேளைச் சண்டையில் அரிவாள் தகப்பன் கைக்குப் போன கணமே சிதம்பரம் வேடிக்கை பார்ப்பவனாகிவிட்டான். கொலை செய்த ஒரு சிறுவனின் மனம் எப்படி இருக்கும் என்பதற்கு இன்றும் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. அடுத்த இதழ்வரை வாசகரைக் காக்கவைப்பதே அதன் இயல்பு. வாசகரோடு நேராகவே பேசும் கல்கி, வேண்டிய இடத்தில் விளக்கை அணைத்துவிடுவார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது புதிராகவே நிற்கும். மணிரத்னம் 2022, 2023இல் இரண்டு பாகங்களாக எடுத்த படத்தில் அந்த மரணம் முன்னாள் காதலி நந்தினிக்கும் கரிகாலனுக்கும் இடையிலான ஒரே காட்சியாகச் சுருங்கியது. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற பிறப்பு ரகசியமும் விடப்பட்டது. நாவலில் கரிகாலனின் தம்பி அருள்மொழி முடிசூட்டுவது பூக்கட்டி வாழ்ந்த அந்த அமுதனுக்கு. படத்தில், அரியணைக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே.