குருகும் சான்றும்: அகப்பாடல் கற்பித்தலில் பட்டறிவின் இடம்

குறுந்தொகை 25-ஆம் பாட்டைக் கற்பிக்குங்கால், வரைவு நீட்டித்தவிடத்துத் தலைவி தோழிக்குக் கூறியது எனத் துறை காட்டி, உவமை நயம் பாராட்டி மேற்செல்வதே வகுப்புக்களின் வழக்கம். மாணவியர் சிலர்க்கோ முதற்கண் புலப்படுவது துறையன்று. தலைவன் மறுத்துரைப்பின் தன் சொல்லை யார் ஏற்பர் என்னும் தலைவியின் அச்சமே அவர் நெஞ்சைத் தொடும். அன்று உடனிருந்தது மீனுக்குக் காத்து நின்ற ஒரு குருகு. அது சான்று கூறாது. 'இந்நிலையை யாமும் அறிவோம்' என ஒரு மாணவி உரைப்பின், ஆசிரியர் அதனைப் பாட்டின் பொருளோடு சேர்த்துக் கொள்வதா, வகுப்பிற்குப் புறம்பெனத் தள்ளுவதா?

அமெரிக்கப் பெண்ணிய அறிஞர் இவ்வினாவை நெடிது ஆராய்ந்துள்ளனர். பட்டறிவையே அதிகாரமாகக் கொள்வோர் வகுப்பில் ஏனையோர் வாயை அடைத்துவிடுவர் என டயானா ஃபஸ் 1989-இல் அஞ்சினார். பெல் ஹூக்ஸ், 1994-இல் வெளியிட்ட நூலில், பட்டறிவைப் பிற அறிநெறிகளோடு ஒப்ப வைத்துக் கற்பிப்பின் அத்தீங்கு குறையும் என மறுத்தார். வரலாற்றறிஞர் ஜோன் ஸ்காட் 1991-இல் எழுப்பிய தடை வேறு: பட்டறிவு தானே விளங்கி நிற்கும் சான்றன்று; அது எவ்வாறு உருவாயிற்று என்பதே விளக்கப்பட வேண்டுவது.

ஸ்காட்டின் கருத்தே அகப்பாடல் கற்பிப்பார்க்குப் பெரிதும் பயன்படும் என்பது நம் துணிபு. இப்பாட்டைப் பாடிய கபிலர் ஆடவர். மாணவி கேட்டது புலனெறி வழக்கம் சமைத்த குரல். அதனால் அவள் உணர்வு பொய்யாகிவிடாது. அகமாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய விதியே அவள் அங்குப் புகுதற்கு வழிவிடுகின்றது. ஆயின் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்பாற்கு உரியனவாக்கியதும் அந்நூலின் களவியலே. தான் நாணம் என உணர்ந்தது இயல்போ, பயிற்றப்பட்டதோ என அவள் வினவின், அவ்வினா இலக்கணப் பாடத்திற்கும் உரியதே.

மற்றொன்றும் உண்டு. வெள்ளிவீதியாரின் 27-ஆம் பாட்டை அவர் சொந்தத் துயராகவே உரைப்பார் பலர். ஔவையார் அகநானூற்றில் அவரைச் சுட்டியிருப்பது அதற்கு ஓரளவு இடந்தரலாம். எனினும் கபிலர் பாட்டை அவ்வாறு வாழ்க்கைக் குறிப்பாக்குவாரிலர். ஆடவர் பாடின் கலை, மகளிர் பாடின் வாழ்க்கை என்னும் இப்பாகுபாட்டை உரைமரபிலேயே காட்டாது, மாணவியின் பட்டறிவை மட்டும் மிகையெனக் கடிதல் முறையன்று.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. 25-ஆம் பாட்டில் தலைவன் பேசவே இல்லை. அவன் கூற்றை, குருகைச் சான்றாக விளியாமல், எழுதித் தருமாறு அவர்களைக் கேட்கலாம்.